கம்பெனி ஒரு ஊரில், குப்பை இன்னொரு ஊரில்... உள்ளாட்சி பட்ஜெட்டில் உங்கள் தெரு ஏன் விடுபடுகிறது?

மார்ச் மாதம் பிறந்தால் உள்ளாட்சிச் செய்திகளில் ஒரே மாதிரியான தலைப்புகள் வரத் தொடங்கிவிடும். 'நகராட்சி பட்ஜெட் தாக்கல்', 'நகர்மன்றக் கூட்டத்தில் காரசார விவாதம்', 'வார்டு புறக்கணிப்பு என உறுப்பினர்கள் வெளிநடப்பு'. இரண்டு நாளில் செய்தி பழசாகிவிடும். தெருமுனையில் அடைத்துக் கிடக்கும் கால்வாய் மட்டும் அப்படியே இருக்கும்.

வீட்டு வரி கட்டுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "கட்டின பணம் எங்கே போச்சு?"

அதற்கான பதில் மார்ச் கூட்டத்தில் கிடைப்பதில்லை. காரணம், கூட்டம் கூடுவதற்கு முன்பே பட்ஜெட்டின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. எவ்வளவு பணம் வரும், அதில் எவ்வளவுக்கு ஏற்கெனவே செலவு எழுதப்பட்டுவிட்டது, மீதியை யார் கேட்கலாம்? திருவள்ளூர் மாவட்டத்தையும், குறிப்பாக கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியையும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், உங்கள் ஊர் எந்தக் கணக்கில் வருகிறது?

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி என ஒரு மாநகராட்சி, திருவள்ளூர், திருத்தணி, பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர், பொன்னேரி என 6 நகராட்சிகள், கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், ஊத்துக்கோட்டை உள்பட 8 பேரூராட்சிகள் இருந்தன. இவை போக, 14 ஊராட்சி ஒன்றியங்களின் கீழ் 526 கிராம ஊராட்சிகள்.

இந்தப் பிரிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மாநகராட்சி, நகராட்சியில் பட்ஜெட்டைத் தயாரிப்பவர் ஆணையர். பேரூராட்சியில் செயல் அலுவலர். கிராம ஊராட்சியில் அந்தப் பொறுப்பு ஊராட்சித் தலைவருக்கு. ஒரே சாலையின் இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருந்தால், இரண்டு பக்கத்துக்கும் பட்ஜெட் வேறு, வரி வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு.

பட்ஜெட் எப்படி தயாராகிறது?

உள்ளாட்சிகளுக்கும் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான். அதனால் மார்ச் முடிவதற்குள் அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் மன்றத்தில் நிறைவேற வேண்டும். தயாரிப்பு வேலை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு நகராட்சியில் வேலை நடக்கும் வரிசை பொதுவாக இப்படித்தான்:

• வருவாய்ப் பிரிவு, பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு என ஒவ்வொரு பிரிவும் தனக்கு எவ்வளவு வரும், எவ்வளவு செலவாகும் என்று கணக்குக் கொடுக்கும்.

• கணக்குப் பிரிவு அதைத் தொகுக்கும். தமிழ்நாட்டு நகராட்சிகளில் பொதுவான வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. ஒன்றில் இருக்கும் பணத்தை இன்னொன்றுக்கு இஷ்டம்போல எடுக்க முடியாது.

• ஆணையர் அதைச் சரிபார்த்து பட்ஜெட் வரைவாக்குவார்.

• வரைவு, நகர்மன்றக் கூட்டத்தின் முன் தீர்மானமாக வைக்கப்படும். உறுப்பினர்கள் விவாதிக்கலாம், மாற்றம் கேட்கலாம். பெரும்பான்மை இருந்தால் நிறைவேறும்.

சென்னை மாநகராட்சியிலும் அடிப்படை இதுதான், அளவுதான் பெரிது. 200 வார்டுகள், வரி மற்றும் நிதிக்கு தனி நிலைக்குழு, மேயரின் பட்ஜெட் உரை என்று மினி சட்டமன்றம் மாதிரி நடக்கும். 2025 மார்ச்சில் தாக்கலான சென்னை பட்ஜெட்டின் வருவாய் மதிப்பீடு மட்டும் சுமார் ரூ.5,145 கோடி. 27 வார்டுகள் கொண்ட திருவள்ளூர் நகராட்சியில் டிவி கேமராக்கள் வராது. ஆனால் சட்டம் ஒன்றுதான்: 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அதற்கான விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகள்.

ஒன்று, சொந்த வருவாய். சொத்து வரி, தொழில் வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். சொத்து வரியுடன் வசூலாகும் நூலக வரி மட்டும் நகராட்சிக்குச் சொந்தமில்லை, அது நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும்.

இரண்டு, மாநில அரசின் பங்கு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. யாருக்கு எவ்வளவு என்பதை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு முடிவு செய்கிறது. அதில் மக்கள்தொகை முக்கிய அளவுகோல்.

மூன்று, மத்திய நிதிக்குழு மானியமும் திட்ட நிதிகளும். அம்ருத் 2.0, தூய்மை இந்தியா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை இந்த வகை.

சிக்கல் இந்த மூன்றாவது வகையில் இருக்கிறது. இது பெரும்பாலும் பெயர் எழுதி வரும் பணம். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு கொடுத்த மானியத்தையே எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் போன்ற ஊர்களுக்கு 100 ரூபாய் வந்தால், அதில் 30 ரூபாயைக் குடிநீர் சார்ந்த வேலைகளுக்கும், 30 ரூபாயைச் சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கும்தான் செலவழிக்க முடியும். மீதி 40 ரூபாய்தான் ஊரின் தேவைக்கு. அதையும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது.

அப்போ சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், தூய்மைப் பணி ஒப்பந்தம், பழைய கடனுக்கான தவணை இதெல்லாம் எதிலிருந்து போகும்? சொந்த வருவாயிலிருந்தும் மாநிலப் பங்கிலிருந்தும்தான். இவற்றைக் கழித்த பிறகு எஞ்சும் தொகைதான் வார்டு உறுப்பினர்கள் உண்மையில் சண்டை போடும் தொகை. மார்ச் கூட்டத்தில் நடக்கும் அமளி எல்லாம் இந்தச் சின்னத் துண்டுக்காகத்தான்.

வரியை உயர்த்தும் முடிவாவது மன்றத்தின் கையில் இருக்கிறதா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 2022 ஏப்ரலில் வந்த சொத்து வரி உயர்வை நினைவிருக்கலாம். சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு, வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்வு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூல் உயர வேண்டும் என்பது மத்திய நிதிக்குழு மானியத்துக்கான நிபந்தனை. அதைக் காட்டி மாநில அரசு ஆணை போட்டது. அதற்குப் பிறகு மன்றங்கள் தீர்மானம் போட்டன. மக்கள் திட்டியது மட்டும் வார்டு உறுப்பினரை.

கும்மிடிப்பூண்டியின் தனிக் கணக்கு

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. இரும்பு உருக்காலைகள், ரசாயன ஆலைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள் என்று சிப்காட் வளாகம் இயங்குகிறது. அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், 'இவ்வளவு கம்பெனி இருக்கிற ஊருக்கு என்ன பணக் கஷ்டம்?' என்று நினைக்கலாம்.

ஆனால் ஆலை நிற்கும் இடமும் ஆட்கள் வசிக்கும் இடமும் எப்போதும் ஒரே உள்ளாட்சியில் இருப்பதில்லை. சிப்காட்டின் பக்கம் இருக்கும் சிறுபுழல்பேட்டை, புதுகும்மிடிப்பூண்டி போன்றவை கிராம ஊராட்சிகள். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, வாடகை வீடுகள் என்று ஆட்கள் வந்து கூடும் நகரம் பேரூராட்சி. மீஞ்சூர் பக்கமும் இதே நிலைதான். அங்கே வள்ளூரில் 1,500 மெகாவாட் திறன் கொண்ட அனல் மின்நிலையம் நிற்கிறது. ஆனால் மீஞ்சூர் பேரூராட்சியின் கணக்கு வேறு, சுற்றியுள்ள ஊராட்சிகளின் கணக்கு வேறு.

தொழில் வரியைப் பாருங்கள். நிறுவனம் ஊழியரின் சம்பளத்தில் பிடித்து, அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சியில் கட்டும். எந்த உள்ளாட்சியில்? ஊழியர் வசிக்கும் இடத்தில் இல்லை, நிறுவனம் இருக்கும் இடத்தில். ஊராட்சி எல்லையில் உள்ள ஆலையில் வேலை பார்த்து, பேரூராட்சியில் வாடகைக்கு இருப்பவரின் தொழில் வரி ஊராட்சிக்குப் போகும். அவர் வீட்டுக் குப்பை பேரூராட்சி வண்டியில் ஏறும்.

அந்த வரியும் பெரிய தொகை இல்லை. தொழில் வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.2,500 என்பது அரசியலமைப்பே போட்டிருக்கும் உச்சவரம்பு. 1988-ல் 250 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டது, அதன்பின் மாறவே இல்லை. ஒரு ஆலையில் 1,000 பேர் வேலை பார்த்து, அத்தனை பேரும் உச்சவரம்பு வரை கட்டினாலும் ஆண்டுக்கு ரூ.25 லட்சம்தான் வரும்.

ஆலைக்குப் பக்கத்து ஊராட்சிகள் இதனால் செழிப்பாகிவிட்டன என்றும் சொல்ல முடியாது. அங்கேயும் வரிசை வீடுகள் கட்டி ஒரே அறையில் பல பேர் தங்குகிறார்கள். தண்ணீர், கழிவுநீர், குப்பை என்று எல்லாம் கிராமத்துக்குப் போட்ட அளவைத் தாண்டிப் போய்விடுகிறது.

கணக்கிலேயே இல்லாத ஆட்கள்

இரண்டாவது சிக்கல் தலைக்கணக்கு. மாநிலப் பங்கும் மத்திய மானியமும் மக்கள்தொகையைப் பார்த்து வருகின்றன என்று சொன்னோம் இல்லையா? அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி. அப்போது கும்மிடிப்பூண்டி பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 32,600. அதற்குப் பிறகு பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என்று பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் யாரும் இந்த எண்ணில் இல்லை.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை, 15 வருஷத்துக்கு முந்தைய ஊருக்கு வரும் பணத்தில் இன்றைய ஊரை நடத்த வேண்டும்.

வந்தவர்களில் பலருக்கு இங்கே ஓட்டும் இல்லை. அதனால் வார்டு உறுப்பினரிடம் போய், 'எங்க லைனுக்குத் தண்ணி வரலை' என்று கேட்கும் பலமும் இல்லை. பட்ஜெட்டில் அவர்கள் தெரிவது செலவுப் பக்கத்தில் மட்டும்தான்.

எல்லையை மாற்றினால் சரியாகிவிடாதா? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகளை வெளியிட்டது. பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. வரி கூடிவிடும், நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான் மக்களின் பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லை மாறாதவரை, ஆலையின் வரி ஒரு கணக்கிலும் ஆட்களின் செலவு இன்னொரு கணக்கிலும்தான் ஓடும்.

கூட்டத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: போன ஆண்டு உண்மையில் நடந்த வரவு செலவு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு.

செய்தியில் வருவது மூன்றாவது எண். பார்க்க வேண்டியது முதல் எண். 'மழைநீர் வடிகால்' என்று பட்ஜெட்டில் பெரிய தொகை போட்டுவிட்டு, ஆண்டு முடிவில் அதில் பாதிகூடச் செலவாகவில்லை என்றால், அடுத்த அறிவிப்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வரியிலும் அப்படித்தான். வசூலாக வேண்டியது எவ்வளவு, வசூலானது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பது தெரிந்தால், 'நிதி இல்லை' என்ற பதில் எவ்வளவு உண்மை என்று புரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். பட்ஜெட்டில் பெயர் வந்தாலே வேலை தொடங்கிவிடாது. அதன் பிறகு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று வரிசையாகப் போக வேண்டும். மார்ச்சில் அறிவித்த கால்வாய் வடகிழக்குப் பருவமழைக்குள் வராமல் போவதற்கு இதுவும் காரணம்.

மன்றமே இல்லாவிட்டால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக பட்ஜெட்டைத் தயாரித்தவரும் அதிகாரி, 'மன்றமாக' இருந்து அனுமதித்தவரும் அதிகாரி. அவர்களுக்குப் பெயர் தனி அலுவலர். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இப்போது அதே நிலை கிராமங்களில். திருவள்ளூர் உள்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியுடன் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. சிப்காட்டை ஒட்டிய ஊராட்சிகளும் இதில் அடக்கம். ஆலைகளின் வரி வரும் ஊராட்சியில், அதை எப்படிச் செலவழிப்பது என்று கேட்க வேண்டிய தலைவர் நாற்காலி காலியானது.

மற்ற ஊர்களில் எப்படி?

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பகுதி வாரியாக மக்கள் கூடி, முதலீட்டுச் செலவில் எதற்கு முன்னுரிமை என்று தாங்களே வரிசைப்படுத்துவார்கள். கேரளா 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. புனே மாநகராட்சி 2006 முதல், பட்ஜெட் தயாராகும் முன்பே வார்டு வேலைகளுக்கான யோசனைகளை மக்களிடம் படிவமாக வாங்குகிறது.

மூன்றுக்கும் பொதுவான விஷயம், மக்களிடம் கேட்பது பட்ஜெட்டுக்கு முன்பு என்பதுதான்.

தமிழ்நாட்டிலும் அதற்கான வழி இருக்கிறது. நகரங்களில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராமங்களில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அப்போ, எப்போது என்ன கேட்கலாம்?

• அக்டோபர், நவம்பர்: மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எந்தக் கால்வாய் அடைத்தது என்று போட்டோ, தேதியோடு எழுதி மனு கொடுக்க இதுதான் சரியான நேரம். பிரிவுகள் கணக்குப் போடுவது இதையொட்டிய மாதங்களில்தான். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் அதைத் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லலாம். வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது.

• டிசம்பர், ஜனவரி: பகுதி சபையிலோ வார்டு உறுப்பினரிடமோ, 'பத்து வேலை' என்று பட்டியல் கொடுப்பதைவிட ஒரே ஒரு வேலையை முன்னுரிமையாகக் கேட்பது நல்லது. எந்த நிதியிலிருந்து வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குடிநீர், குப்பை என்றால் பெயர் எழுதிய மானியத்தில் இடம் இருக்கலாம். சாலை, விளக்கு என்றால் பொது நிதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுமக்களோ நிறுவனங்களோ பங்கு போடத் தயார் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. ஆலைகள் உள்ள பகுதிக்கு இது பொருத்தமான வழி.

• பிப்ரவரி, மார்ச்: பட்ஜெட் நகலைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, பட்ஜெட் விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியது அலுவலகத்தின் கடமை.

• ஏப்ரல்: சொத்து வரியை முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் ரூ.5,000. ரசீது கையில் இருந்தால் கேள்வி கேட்கும் தைரியமும் கூடவே வரும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டு காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. இந்த உறுப்பினர்கள் பதவியில் இருந்து செலவழிக்கப் போகும் கடைசி பட்ஜெட் 2026-27. அதன்பின் தேர்தல் உரிய நேரத்தில் நடக்கவில்லை என்றால், நகரங்களிலும் மறுபடியும் தனி அலுவலர்தான். அப்போது வெளிநடப்பு செய்யக்கூட ஆள் இருக்காது. உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்க வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், அதை எழுதிக் கொடுக்க இப்போதே போய்விடுவது நல்லது.